ஒரு பாயின்ட் தமிழரசன்

கல்கத்தா கிடர்பூர் போர்ட் குவார்ட்டர்ஸில் தரைத்தளத்து மூன்றாம் வீட்டுத் தமிழரசனை, அவனுடைய இருபத்தேழாவது வயதில், ஒருத்தன் வேண்டுமென்றே வந்து மோதினான். இவனும் சக்கர நாற்காலி, அவனும் சக்கர நாற்காலி. டங்கென்று ஒரு சத்தம். இவன் நாற்காலி பாதி வட்டம் சுற்றி நின்றது. ஓரத்தில் உட்கார்ந்திருந்த அம்மா மீனாக்ஷி, "ஐயோ எம்புள்ள" என்று எழுந்து ஓடிவந்தாள். மோதியவன் சிரித்துக்கொண்டிருந்தான். அதைவிட அநியாயம், மோதப்பட்டவனும் சிரித்துக்கொண்டிருந்தான்.

மீனாக்ஷிக்குக் கோபம் வந்ததில் தப்பே இல்லை. எட்டரை வருஷமாக ஈ எறும்பு அண்டாமல் பார்த்துக்கொண்ட பிள்ளை. சாப்பாட்டில் காரம் கூடினால்கூட அவனுக்குத் தனியாக எடுத்து வைத்த வீடு அது. அந்தப் பிள்ளையை ஒரு தடியன் இரும்பு பம்பரோடு வந்து இடித்துவிட்டு, வங்காளத்தில், அண்ணன் என்கிற அர்த்தத்தில், "என்ன தாதா, தூங்குறீங்களா?" என்று கேட்கிறான். பெற்றவளுக்கு எப்படி இருக்கும்?

2007 டிசம்பர் அது. குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருக்கிற பாடா கிளப்பின், அதாவது பேட்டை கிளப்பின், சிமென்ட் கோர்ட். மற்ற நாளில் பையன்கள் கூடைப்பந்து ஆடுவார்கள், துர்கா பூஜை வந்தால் அங்கேதான் பந்தல் போடுவார்கள். அன்றைக்குத்தான் முதல் முறையாக அங்கே வீல்சேர் ரக்பி ஆடினார்கள். ஆடினார்கள் என்று சொல்வது மரியாதைக்கு. ஆறு நாற்காலிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டன, அவ்வளவுதான்.

தமிழரசனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அப்பா வேலாயுதம் தூத்துக்குடிக்காரர். கிடர்பூர் துறைமுகத்தில் லாக் கேட் வேலை. ஆற்றில் தண்ணீர் ஏறும் நேரம் பார்த்துக் கதவைத் திறந்து கப்பலை உள்ளே விட வேண்டும். முதல் பிள்ளை பிறந்ததும் ஆசை ஆசையாகத் தமிழரசன் என்று பெயர் வைத்தார். குவார்ட்டர்ஸ் முழுக்க வங்காளிகள். ஒரே வாரத்தில் அதைத் தமால் ஆக்கிவிட்டார்கள். பையனும் தமாலாகவே வளர்ந்தான். வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் வங்காளம், கோபம் வந்தால் இந்தி.

1999 மே மாதம். பத்தொன்பது வயது. கல்கத்தா மே மாதத்தில் மனிதன் வெந்துபோவான். குவார்ட்டர்ஸ் பையன்களெல்லாம் பழைய ஜெட்டியிலிருந்து, அதாவது படகு கட்டுகிற மேடையிலிருந்து, ஆற்றில் குதிப்பது வழக்கம். அன்று காலை வேலாயுதம் நைட் ஷிப்ட் முடித்து வந்து படுத்திருந்தார். பையன் வாசலில் நின்றபடி, தண்ணி ஏறியிருக்குமா என்று கேட்டான். அவர் கண்ணைத் திறக்காமலே, "ஏறிருக்கும்ல, போ" என்றார். தினமும் தண்ணீர் நேரத்தைக் கரும்பலகையில் எழுதிப்போடுகிற மனுஷன். அன்றைக்குத் தூக்கத்தில் கணக்குத் தப்பிவிட்டது. தண்ணீர் ஏறவில்லை, வடிந்துகொண்டிருந்தது. தமிழரசன் தலைகீழாகக் குதித்தான். சேற்றுக்கடியில் எந்தக் காலத்துப் படகோ, ஒரு மரச்சட்டம் இருந்திருக்கிறது. கழுத்தெலும்பு உடைந்தது.

ஆறு மாதம் ஆஸ்பத்திரி. கால் இரண்டும் போயின. தோள் இருந்தது, முழங்கையை மடக்க வந்தது, மணிக்கட்டை மேலே தூக்க வந்தது. விரல்கள் போயின. பத்து விரலில் ஒன்றுகூட அசையாது.

வீட்டுக்கு வந்து நாலைந்து மாதம் கழித்து ஒரு நாள் காலையில் ஒரு சங்கதி நடந்தது. வேலாயுதம் கட்டிலோரம் உட்கார்ந்து, ஊரிலிருந்து வரவழைத்த வைத்தியர் தைலத்தைப் பையன் கையில் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பத்து மாதத்தில் மனுஷன் பாதியாக இளைத்திருந்தார். யாரோடும் பேச்சில்லை, சரியாகச் சாப்பாடில்லை. தமிழரசன் தற்செயலாக மணிக்கட்டைத் தூக்கினான். தூக்கியதும் விரல்கள் தாமாகவே மெல்ல உள்ளே மடங்கி, அவருடைய கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டன.

வேலாயுதம் அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு தைலக் கையோடு முகத்தை மூடிக்கொண்டு ஓவென்று அழுதார். அடுப்படியிலிருந்து மீனாக்ஷி ஓடிவந்தாள். "விரல் மடங்குதுட்டீ, எம்புள்ளைக்கு விரல் மடங்குது" என்றார். அன்று மத்தியானம் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டார்.

அது அசைவே இல்லை என்று தமிழரசனுக்கு ரொம்ப நாள் தெரியாது. மணிக்கட்டைத் தூக்கினால் உள்ளே இருக்கிற நரம்புக்கயிறு இழுபடும், இழுபட்டால் விரல் மடங்கும், மணிக்கட்டைக் கீழே விட்டால் விரிந்துவிடும். விரல் தானாக ஒன்றும் செய்வதில்லை. ஒரு செக்கப்பில் டாக்டர் இதை விளக்கினார். அப்பா அப்போது வெளியே மருந்துச் சீட்டோடு வரிசையில் நின்றிருந்தார். வந்ததும், "டாக்டர் விரலப் பத்தி என்ன சொன்னாரு?" என்று கேட்டார். தமிழரசன் அவர் முகத்தைப் பார்த்தான். "நல்லா வருதுன்னாரு" என்றான்.

அவ்வளவுதான். அந்த ஒரு வாக்கியம் ஒன்பது வருஷம் ஓடியது. தினமும் காலை ஐந்தரைக்கு வேலாயுதம் தைலக் கிண்ணத்தோடு வருவார். தேய்த்து முடித்து, "மடக்கு பாப்போம்" என்பார். இவன் மணிக்கட்டைத் தூக்குவான். விரல் மடங்கும். அவர் தலையை ஆட்டிக்கொண்டு எழுந்து டூட்டிக்குப் போவார். நேற்றைக்கு இன்றைக்குத் தேவலை என்று மீனாக்ஷியிடம் சொல்லிவிட்டுப் போவார்.

அந்த மடங்கும் விரலை வைத்துத்தான் தமிழரசன் பிழைத்தான் என்பதும் உண்மை. ஸ்பூன் பிடித்தான். குவார்ட்டர்ஸ் வாசலில் எஸ்.டி.டி பூத் வைத்தபோது ரிசீவரைத் தூக்கினான். நம்பரை விரல் முட்டியால் அழுத்துவான், அதைப் பார்க்கவே பக்கத்துத் தெருக் குழந்தைகள் வருவார்கள். பிறகு எல்லார் கையிலும் மொபைல் வந்து பூத்தில் ஈ ஓட்ட ஆரம்பித்த சமயத்தில்தான் மதுவந்தி வந்தாள்.

மதுவந்தி டாலிகஞ்சில் ஒரு கிளினிக்கில் பிசியோதெரபிஸ்ட். எல்லாருக்கும் அவள் தீதி, அதாவது அக்கா. கை காலெல்லாம் போனவர்களுக்கு ஒரு விளையாட்டு இருக்கிறது, பெங்களூரில் ஒரு கோஷ்டி ஆடுகிறது, நாமும் ஆடலாம் என்று வீடு வீடாக ஆள் பிடித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்து, ஆட்டம் எப்படி என்று விளக்கினாள். பந்தை மடியில் வைத்துக்கொண்டு எதிராளியின் கோட்டைத் தாண்ட வேண்டும். தாண்டவிடாமல் நாற்காலியால் நாற்காலியை இடிக்கலாம், கொக்கி போட்டு மாட்டி வைக்கலாம். ஆளைத் தொடத்தான் கூடாது. மீனாக்ஷி டீ டம்ளரை வைத்துவிட்டு, இந்தப் பெண்ணுக்குப் புத்தி சரியில்லை என்று தமிழில் சொன்னாள். தமிழரசன் அதை மொழிபெயர்க்காமல், எப்போது வர வேண்டும் என்று வங்காளத்தில் கேட்டான்.

மோதியவன் பெயர் இம்தியாஸ். லாரி மேல் ஏறித் தார்ப்பாய் கட்டும்போது மின்கம்பி தொட்டு, இரண்டு காலும் முட்டிக்குக் கீழே போய், கை விரல்கள் பாதி போனவன். வாய் மட்டும் முழுசாக இருந்தது. நாற்காலிகளைக் கப்பல் இரும்பு உடைக்கிற ஒரு பட்டறையில் வெல்டிங் வைத்துச் செய்தார்கள். முன்னால் பம்பர், பக்கத்தில் தகடு. ஒவ்வொன்றும் கட்டைவண்டி கனம்.

முதல் இரண்டு மாதம் ஆட்டம் நடக்கவே இல்லை. காரணத்தைக் கேட்டால் பெங்களூர்க்காரர்கள்கூட நம்பமாட்டார்கள். நம் ஊரில் ஒருவர் மேல் கால் பட்டுவிட்டால் என்ன செய்வோம்? தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். வங்காளிகளும் அப்படித்தான், நெஞ்சில் கை வைப்பார்கள். நாற்காலிகள் நேருக்கு நேர் மோதும்போது காலோடு கால் இடிக்காமல் இருக்குமா? இடித்தது. இடித்ததும் இவர்கள் பந்தை விட்டுவிட்டுக் குனிந்து, எதிராளியைத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவனும் பதிலுக்குக் கும்பிட்டான். இடித்த காலுக்கும் உணர்ச்சி இல்லை, இடிபட்ட காலுக்கும் உணர்ச்சி இல்லை. ஆனாலும் பழக்கம் விடுகிறதா? தமிழரசன்தான் இதில் ரொம்ப மோசம். பந்தின் மேல் கால் பட்டாலே பந்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வான். காலே இல்லாத இம்தியாஸுக்கு இந்தத் தொல்லை கிடையாது. அத்தனை பேரும் கும்பிட்டுக்கொண்டிருக்க, அவன் ஒருத்தன் கோல் மேல் கோல் போட்டான்.

மதுவந்தி தலையில் அடித்துக்கொண்டாள். கடைசியில் ஒரு சட்டம் போட்டாள். ஆட்டத்தின் நடுவில் கும்பிட்டால் ஒரு நிமிஷம் வெளியே. விசில் ஊதிய பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் கும்பிட்டுக்கொள்ளலாம். அதற்குப் பிறகு ஆட்டம் முடிந்ததும் பத்து நிமிஷம் இதற்கென்றே ஒதுக்கவேண்டி வந்தது. யாரை எத்தனை தடவை இடித்தோம் என்று நினைவு வைத்து, நாற்காலி நாற்காலியாகப் போய்த் தீர்த்துவிட்டு வருவார்கள்.

தமிழரசனுக்குப் பந்து வேலை கிடையாது. அவன் வேலை வழிமறிப்பது. எதிராளியில் வேகமானவன் எவனோ, அவன் சக்கரத்தில் தன் பம்பரைக் கொடுத்து மாட்டி, நகரவிடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அதை அவன் ரசித்துச் செய்தான். இம்தியாஸ் எத்தனை திட்டினாலும், எத்தனை குட்டிக்கரணம் போட்டாலும் விடமாட்டான். எட்டு வருஷமாக எல்லோரும் வழிவிட்டு ஒதுங்கிப்போன மனிதன், முதல் தடவையாக இன்னொருத்தன் வழியில் நின்றான். அந்த சந்தோஷத்தை வாயால் சொல்ல முடியாது. வீட்டுக்கு வந்து காரக்குழம்பு கேட்டுச் சாப்பிட்டான்.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. பையன் ஆடுவதை வேலாயுதம் வாசல் கம்பியோரம் நின்று பார்த்தார். ஓர் ஆட்டத்தில் பந்து எகிறி வந்து மடியில் விழ, தமிழரசன் மணிக்கட்டைத் தூக்கி அதை அணைத்துப் பிடித்தான். அவருக்கு அது போதாதா? விரல் இன்னும் கொஞ்சம் முயன்றால் முழுசாக வந்துவிடும் என்று தீர்மானித்துவிட்டார். அன்றிலிருந்து காலை ஐந்தரைக்கு மட்டுமல்ல, சாயங்காலமும் தைலம். தேய்ப்பது மட்டுமல்ல, ஒவ்வொரு விரலாகப் பிடித்து, மணிக்கட்டை மேலே வளைத்து வைத்துக்கொண்டு, நேராக இழுத்து நீட்டுவார். லாக் கேட் சங்கிலி இழுத்த கை. இழுத்தால் இழுத்ததுதான்.

ஏழெட்டு மாதத்தில் தமிழரசன் கையிலிருந்து ஸ்பூன் நழுவ ஆரம்பித்தது. பிறகு பந்து. மதுவந்தி ஒரு நாள் அவன் கையை வாங்கி மணிக்கட்டைத் தூக்கிப் பார்த்தாள். விரல் பாதிதான் மடங்கியது. உன் விரலை யார் இழுக்கிறார்கள் என்று கேட்டாள். அப்பா என்றான். அவன் கையை மடியில் வைத்தாள். பிறகு பக்குவமாகத்தான் சொன்னாள். அந்த உள்கயிறு இறுகி இருப்பதால்தான் விரல் மடங்குகிறது, அது தளர்ந்தால் பிடி போய்விடும், போனால் திரும்ப வருவது கஷ்டம். மிச்சம் இருக்கிறதையாவது காப்பாற்ற வேண்டுமானால் அப்பாவை இன்றைக்கே நிறுத்தச் சொல்.

நிறுத்தச் சொல்வது பெரிய காரியமா? பெரிய காரியம்தான். ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொன்னால், விரல் என்றைக்குமே அசைந்ததில்லை என்று சொல்ல வேண்டும். ஒன்பது வருஷம் பனியிலும் மழையிலும் ஐந்தரைக்கு எழுந்து வந்தாரே, அது அத்தனையும் வீண் என்று சொல்ல வேண்டும். வீண் மட்டுமா, கடைசி எட்டு மாதம் கெடுதல் என்றும் சொல்ல வேண்டும். "ஏறிருக்கும்ல, போ" என்று சொன்ன வாயை அந்த மனுஷன் இன்னும் மன்னிக்கவில்லை. அந்த நாளைப் பற்றி வீட்டில் ஒரு தடவைகூடப் பேச்சு எடுத்ததில்லை. அந்தத் தைலக் கிண்ணம்தான் அவரைத் தாங்கிக்கொண்டிருந்தது. அதைத் தட்டிவிட தமிழரசனுக்கு மனசு வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம், திங்கட்கிழமை சொல்லலாம் என்று இரண்டு மாதம் தள்ளினான். ஸ்பூனுக்கு ரப்பர் பட்டை போட்டுக் கட்டிக்கொண்டான்.

2009 பிப்ரவரியில் பெங்களூர் கோஷ்டி கல்கத்தாவுக்கு வந்தது. கிளப்பின் முதல் மேட்ச். மேட்சுக்கு முதல் நாள் ஒரு பரிசோதனை உண்டு. இந்த ஆட்டத்தில் ஒவ்வொருவருக்கும் உடம்பில் எவ்வளவு அசைவு மிச்சமிருக்கிறது என்று பார்த்து, அரையிலிருந்து மூன்றரை வரை பாயின்ட் போடுவார்கள். அசைவு கூடினால் பாயின்ட் கூடும். கோர்ட்டில் இறங்குகிற நாலு பேருக்கும் சேர்த்து எட்டைத் தாண்டக்கூடாது. எல்லோரும் திடகாத்திரமானவர்களையே இறக்கிவிடக்கூடாது என்பதற்காக இப்படி ஓர் ஏற்பாடு. இம்தியாஸுக்கு மூன்று, மற்ற இருவருக்கு இரண்டரையும் ஒன்றரையும். ஆகமொத்தம் ஏழு. மிச்சம் ஒன்று. தமிழரசன் ஒரு பாயின்டுக்குள் வந்தால் ஆடலாம். கூடினால் ஓரத்தில் உட்கார்ந்து கைதட்டலாம்.

கிளப் ரூமில் கேரம் போர்டை ஓரங்கட்டிவிட்டு ஒரு பெஞ்ச் போட்டிருந்தார்கள். பரிசோதிக்க வந்தவர் நரைத்த தாடிக்காரர், பெங்களூர் டாக்டர். வேலாயுதம் லீவு போட்டுவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். பையனுக்கு என்னவோ பரீட்சை என்று அவர் புரிந்துகொண்டார். பரீட்சை என்றால் பாயின்ட் கூட வாங்குவதுதானே கெட்டிக்காரத்தனம்? வெளியே காத்திருந்தவர்களிடமெல்லாம், என் பிள்ளைக்கு விரல் அசையும் என்று தமக்குத் தெரிந்த வங்காளத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்.

மதுவந்திக்கு விஷயம் தெரியும். தமிழரசன் பக்கத்தில் குனிந்து, அப்பாவை டீ வாங்கிவர அனுப்பட்டுமா என்று கேட்டாள். டாக்டர் எப்படியும் கண்டுபிடித்துவிடுவார், ஆனால் அப்பா பார்க்க வேண்டியதில்லை. அனுப்பிவிட்டால் எல்லாம் பழையபடி ஓடும். நாளைக்கு ஆடலாம். வழக்கம்போலக் காலை ஐந்தரைக்குத் தைலமும் வரும்.

தமிழரசன் தன் கையைப் பார்த்தான். வாசலில் நிற்கிற அப்பாவைப் பார்த்தான்.

"இருக்கட்டும் தீதி. அவரு இருக்கட்டும்" என்றான்.

டாக்டர் தோளைப் பார்த்தார், முழங்கையைப் பார்த்தார். மணிக்கட்டைத் தூக்கச் சொன்னார். தூக்கினான். விரல்கள் பாதி மடங்கின. வேலாயுதம் வாசலிலிருந்தே இந்தியில், பாருங்க சார், விரல், விரல் என்றார். டாக்டர் சிரித்துத் தலையசைத்தார். பிறகு தன் உள்ளங்கையால் தமிழரசனின் மணிக்கட்டைப் பெஞ்சோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, இப்போது விரலை மடக்குங்கள் என்றார்.

விரல்கள் கிடந்தன.

"மடக்குல" என்றார் வேலாயுதம், உள்ளே வந்து நின்று. "காலைல மடக்குனியே."

தமிழரசன் டாக்டரைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்துத்தான் சொன்னான்.

"மடங்காதுப்பா. ஒருநாளும் மடங்கினதில்ல. மணிக்கட்டத் தூக்குனா அது தானா இழுத்துக்கும், அவ்ளோதான். மொத வருஷமே டாக்டர் சொல்லிட்டாரு. நான்தான் உங்ககிட்ட மாத்திச் சொன்னேன்."

அப்புறம் இழுப்பதால் பிடி போவதையும் சொன்னான். ஒன்றையும் விடாமல் சொல்லி முடித்தான். ரூமில் தமிழ் தெரிந்தவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான். மற்றவர்களுக்கு வார்த்தை புரியவில்லை, விஷயம் புரிந்துவிட்டது. இம்தியாஸ்கூட வாயைத் திறக்கவில்லை. டாக்டர் காகிதத்தில் ஒரு பாயின்ட் என்று எழுதினார்.

வேலாயுதம் தம் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு வெளியே போய் நின்றுகொண்டார்.

மறுநாள் மேட்சில் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். தோற்றார்கள். முப்பத்தெட்டுக்குப் பதினொன்று. படுதோல்வி. ஆனால் பெங்களூர்க்காரர்களில் ரொம்ப வேகமான ஒருத்தனைத் தமிழரசன் நாலு தடவை மாட்டிவைத்தான். நாலாவது தடவை அந்தப் பையன் கன்னடத்தில் என்னவோ கெட்ட வார்த்தை சொன்னான். அதை இவன் ரொம்ப நாள் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகும் பல வருஷம் ஆடினான். கிளப்பில் அவனுக்கு ஒரு பாயின்ட் தமால் என்றே பெயர் நிலைத்தது. அதெல்லாம் இருக்கட்டும். நான் சொல்ல வந்தது முதல் நாள் சாயங்காலம், பரிசோதனை முடிந்து வீடு திரும்பிய வழியைத்தான்.

நேராகப் போனால் ஐந்து நிமிஷம். வேலாயுதம் நேராகப் போகவில்லை. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு துறைமுக டாக் பக்கமாகச் சுற்றினார். ஏன் என்று இவனும் கேட்கவில்லை. கப்பல் வந்தால் தூக்கி வழிவிடுகிற பாலத்துக்கு வந்தபோது பாலம் தூக்கியிருந்தது. தண்ணீர் ஏறிவிட்டது போலிருக்கிறது, ஒரு கப்பல் உள்ளே வந்துகொண்டிருந்தது. பாலத்தைத் தூக்கினால் அரைமணி நேரத்துக்கு இறக்க மாட்டார்கள். லாரி, கைவண்டி, பஸ், எல்லாம் வரிசையில் நின்றன. இவர்களும் நின்றார்கள்.

அப்பா முதுகுக்குப் பின்னால் நிற்கிறார், முகம் தெரியவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. அப்பா உடைந்துவிட்டார், நான்தான் உடைத்தேன் என்று தமிழரசன் நினைத்தான்.

கப்பல் பாதி கடந்தபோது அவர் பேசினார்.

"அன்னைக்கு நான் நேரம் பாக்காமச் சொல்லிட்டேம்ல. தூக்கக் கலக்கத்துல சொல்லிட்டேன். ஊருக்கெல்லாம் எழுதிப்போடுதவன், எம்புள்ளைக்கு மாத்திச் சொல்லிட்டேன்."

பத்து வருஷத்தில் முதல் தடவை. அதற்கு மேல் அவரால் முடியவில்லை. துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார்.

தமிழரசனுக்கு அப்போதுதான் உறைத்தது. ஒன்பது வருஷமாக அப்பாவைத் தேற்றுவதற்கென்று ஒரு பொய்யைக் கட்டிக் காப்பாற்றினானே, அவரைத் தேற்றக்கூடிய ஒரு நிஜம் அவனிடம் இருந்தது. அதைச் சொல்லவே இல்லை. யாரிடமும் சொன்னதில்லை. தனக்கே அதை அவன் திரும்பச் சொல்லிக்கொண்டதில்லை. ஏனென்றால் அதில் தப்பு அப்பாவுடையது இல்லை.

"எப்பா" என்றான். "நான் பாத்தேன்."

"எத?"

"தண்ணிய. ஜெட்டி மேல ஏறி நின்னு பாத்தேன். தண்ணி கம்மியாத்தான் இருந்துச்சு. சேறு தெரிஞ்சுது."

அவர் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தார்.

"பாத்துட்டா குதிச்ச?"

"ம்."

"எதுக்குல?"

"பசங்க எல்லாரும் கீழ நின்னு பாத்துட்டிருந்தானுங்க. ஏறிட்டேன். திரும்பி எறங்க வெக்கமா இருந்துச்சு."

வேலாயுதம் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். பாலம் இறங்கத் தொடங்கி, மணி அடித்தது. கைவண்டிக்காரர்கள் எழுந்து வண்டியைப் பிடித்தார்கள். அவர் உதடு துடித்தது. என்ன சொல்லப்போகிறார் என்று தமிழரசன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கையை ஓங்கித் தோளில் பளாரென்று ஒன்று வைத்தார்.

நல்ல அடி. வலித்தது. வலிக்கிற இடமாகப் பார்த்துத்தான் அடித்திருந்தார். குதித்த நாளிலிருந்து அந்த வீட்டில் ஒருவரும் அவன்மேல் கை ஓங்கியதில்லை, அதட்டிக்கூட ஒரு வார்த்தை சொன்னதில்லை. தமிழரசன் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. துடைக்காமலே சிரித்தான்.

"அறிவு கெட்ட பயலே" என்றார் அப்பா. அவரும் அழுதுகொண்டிருந்தார். "பத்து வருஷம்ல. பத்து வருஷம்."

பாலம் இறங்கிவிட்டது. பின்னால் லாரிக்காரன் விடாமல் ஹாரன் அடித்தான். வழியை விடுங்கள் என்று யாரோ இந்தியில் கத்தினார்கள். வேலாயுதம் நகரவில்லை. அடித்த கையை அந்தத் தோளிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.